நடை தளர்ந்த நாயும் நம் கடனும்

சோமனூரில் இரவும் பகலும் விசைத்தறிகளின் ஓசை ஓய்வதில்லை. அவ்வோசைக்கு நடுவிலும் அயலார் காலடியைப் பிரித்தறிந்து குரைக்கும் நாய்க்கு நம் வீடுகளில் நல்ல மதிப்புண்டு. ஆயின், அந்நாயே பின்னங்கால் தளர்ந்து எழமாட்டாது கிடக்குங்கால், "இனி இதனால் யாது பயன்?" என்னும் வினா எழுகின்றது. சிலர் அதனை வண்டியிலேற்றி நெடுஞ்சாலையோரத்தே விட்டு மீள்வர். பசியால் வருந்துமாறு வளர்ப்புப் பிராணியைக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

அத்தளர்ச்சியை விதியென்று கூறித் தப்ப இயலாது. அதில் நம் பங்கும் உண்டு என்பதே என் கருத்து. தொடையெலும்பின் உருண்ட தலை, இடுப்பெலும்பின் குழியிற் செவ்வனே பொருந்துதல் வேண்டும். வளரும் பருவத்தில் அப்பொருத்தம் நெகிழின், மூட்டுத் தேய்ந்து நோவு தரும். அல்சேஷியன், லாப்ரடார் முதலிய பெருநாய்களிடம் இக்குறை மிகுதி. பெற்றோர் வழியே குட்டிக்கு வருவது. மிகுந்த தீனியும் உடற்பருமனும் அதனை முற்றச் செய்யும்.

யானும் இக்குற்றத்தினின்று நீங்கினவனல்லேன். எம் இல்லத்து லாப்ரடார் குட்டிக்கு வேண்டியபோதெல்லாம் சோறும் பாலும் இட்டேன். அது கொழுத்துருண்டதைக் கண்டு அயலார் புகழ, அகமகிழ்ந்தேன். ஏழாம் வயதில் அது திண்ணைப்படி ஏறமாட்டாது என் முகத்தை நோக்கி நின்றபோதே, அன்பென்று இட்டது அதன் மூட்டின்மேல் ஏற்றிய சுமை என்பது விளங்கிற்று.

அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை இணையிணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றற்கு 25 விழுக்காடு குறைவாக உணவிட்டு, ஆயுள் முழுவதும் கவனித்தனர். 2002-இல் வெளியான முடிவின்படி, குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, ஏனையவற்றினது 11.2 ஆண்டு. மூட்டு நோயும் முன்னவற்றிற்குப் பிந்தியே வந்தது.

"மனிதருக்கே மருந்துக்கு வழியில்லை; நாய்க்குச் செலவு எதற்கு?" என்பாருளர். உணவைக் குறைப்பதற்குச் செலவு ஏது? வழுக்குந் தரையில் தென்னைநார் விரிப்பும், படுக்கத் தடித்த சாக்கும், நாளும் சிறிது நடையும் போதும். எழமாட்டாத நாயின் அடிவயிற்றின்கீழ் நம்மூர்க் காடாத் துணியொன்றைக் கொடுத்துத் தாங்கிப் பிடிப்பின், அது வெளிக்குச் சென்று மீளும். கிடந்த கிடையாயின் பக்கம் மாற்றிக் கிடத்தி, ஈரம் துடைத்தல் வேண்டும், இன்றேல் புண்ணுண்டாகும்.

பின்கால் தளர்ச்சி யாவும் இடுப்பு நோயன்று. உண்ணிக் காய்ச்சலும், முழங்கால் நார் அறுதலும், முதுகெலும்பின் கேடும் அவ்வாறே தோன்றும். ஆதலின் மிருக வைத்தியரிடம் காட்டுதல் இன்றியமையாதது. நமக்கென வாங்கிய ஐபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகளை நாய்க்கு ஈதல் கூடாது. இரைப்பையிற் புண்ணும் சிறுநீரகக் கேடும் விளையும். எம்மருந்தாலும் நோவு தணியாத நிலை வரின், வைத்தியர் கையால் துன்பமற்ற முடிவு அளித்து, அப்போது அருகிருத்தலும் நம் கடனே.

குட்டி வாங்க விரும்பும் மாணவ நண்பர்காள்! அதன் தாய் தந்தையரின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததுண்டோ என்று விற்பவரை வினவுங்கள். வினவுவார் பெருகின், விற்பவரும் திருந்துவர்.