யக்ஷிக்கு ஒரு பெயர், இசக்கிக்கு ஆயிரம் பிள்ளைகள்

பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனி இறங்கிய மாலையில் அவ்வழியே செல்லும் வண்டியில் எவரேனும் ஒருவர் யக்ஷிக் கதையைத் தொடங்குவது வழக்கம்: பனையில் குடியிருப்பவள், வெள்ளைச் சேலை உடுத்தவள், வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்பவள். 2025இல் வெளியான ‘லோகா’ திரைப்படம் கள்ளியங்காட்டு நீலியை நாயகியாக்கிய பின், அக்கதைகளோடு ஓர் ஒப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்: கிரேக்கருக்குச் சூனியத் தெய்வம் ஹெக்கடி, நமக்கு நீலி. ஒப்பீடு தவறன்று. ஆனால் அது பொருந்துவது சூனியத்தினால் அன்று.

ஏறத்தாழ கி.மு. 700இல் ஹீஸியட் பாடிய ஹெக்கடியிடம் சூனியமே இல்லை. மண்ணிலும் கடலிலும் வானிலும் அவளுக்குப் பங்குண்டு. மீனவருக்கு வலை நிறைய அருள்பவள். பிறந்த குழந்தைகளை வளர்ப்பவள். மகளைப் பறிகொடுத்துத் தேடி அலையும் டிமீட்டரின் முன் தீப்பந்தத்துடன் வந்து நிற்பவளும் அவளே. கி.மு. 431இல் யூரிப்பிடீஸின் மெடீயா, தன் அடுப்பங்கரையில் உறையும் தெய்வமாக அவள்மீது ஆணையிடுகிறாள். நஞ்சும் மந்திரமும் அந்தப் பக்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ அரங்கேறிய பிறகு அவள் சூனியக்காரிகளின் தலைவி மட்டுமே.

இங்கும் அதே கதை, சற்றே வேறு வழியில்.

சிலப்பதிகாரத்தில் மாதரி மதுரைப் புறஞ்சேரியில் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் கண்ணகியைக் காண்கிறாள். அங்கே இயக்கி அஞ்சத்தக்கவள் அல்லள்; இடைக்குல மூதாட்டி ஒருத்தி பாற்சோறு படைக்கும் தெய்வம். குமரி மாவட்டத்துச் சிதறால் குன்றில் சமணர் செதுக்கிய இயக்கியருள் அம்பிகையும் உண்டு. துறவிக்கு முதலில் அன்னமிட்ட குற்றத்துக்காகக் கணவனால் துரத்தப்பட்டு, இரு பிள்ளைகளோடு வெளியேறியவள் அவள் என்பது சமணப் புராணம். வில்லுப்பாட்டின் நீலியும் ஆணின் கொடுமையில் பிறந்தவளே. நகைக்கு ஆசைப்பட்டவன், தன் மடியில் உறங்கியவளைக் கள்ளிச்செடியருகே தலையில் கல்லிட்டுக் கொல்கிறான். மறுபிறவியில் அவள் கள்ளிக்கொம்பையே குழந்தையாக்கி இடுப்பில் சுமந்து பழிவாங்க வருகிறாள். துரத்தப்பட்டவளின் பிள்ளை, கொல்லப்பட்டவளின் கள்ளிக்கொம்பு: இரு கதைகளிலும் குழந்தை விலகுவதில்லை.

சொல்லின் வரலாறும் இதனையே காட்டுகிறது. யக்ஷி தமிழில் இயக்கி ஆனது. உயரம் ஒசரமாகவும் முயல் மொசலாகவும் மாறிய அதே ஒலிவழியில் இயக்கி இசக்கியானாள். ஏட்டிலிருந்து எடுத்த சொல் இவ்வளவு தேய்வதில்லை. நாள்தோறும் வாயில் புழங்கிய சொல்லே தேயும். மலையாளத்தின் எழுத்துவழக்கிலோ வடமொழி வடிவமான யக்ஷியே நிலைத்தது.

எனினும் இப்பிரிவைத் தமிழ், மலையாளம் என்று எல்லை போட்டு முடித்துவிடலாகாது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்ததே. திருவனந்தபுரத்தின் தென்பகுதிகளில் இயக்கியம்மைக்கு இன்றும் வழிபாடு நடக்கிறது. பிரித்தது மலையும் அன்று, மொழியும் அன்று, அச்சு. கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் எழுதி வெளியிட்ட ‘ஐதிஹ்யமாலா’வில் கடமற்றத்துக் கத்தனார் யக்ஷியின் தலையில் ஆணி அறைந்து அவளை வேலைக்காரியாக்குகிறார். படித்தவர் வீட்டுக்குள் நுழைந்த யக்ஷி அந்த ஆணியோடுதான் நுழைந்தாள். 1968இல் ‘யக்ஷி’ என்ற பெயரிலேயே திரைப்படமும் வந்தது. படைத்து வணங்கியவர்களின் இயக்கி அச்சேறவில்லை.

‘லோகா’ அந்த ஆணியைப் பிடுங்கியதாகப் பாராட்டுகின்றனர். அவளைப் பழங்குடிச் சிறுமியாகத் தொடங்கி அரச அதிகாரத்தின்முன் நிறுத்தியது நன்று. காணிக்காரர் வாழும் இம்மலைகளின் அடிவாரத்தில் அக்காட்சிக்குத் தனிப் பொருளும் உண்டு. ஆனால் நல்லவளாக்குவதும் ஒருவகைக் கத்தரிப்பே. இசக்கியின் சுடுமண் உருவத்தை அருகில் நின்று பார்த்தவர் அதை மறக்கமாட்டார்: கையில் ஒரு குழந்தை, வாயில் கவ்வியபடி இன்னொன்று. காப்பவளும் கொல்பவளும் ஒரே உடலில் நிற்கின்றனர். அச்சு ஒரு குழந்தையைப் பறித்தது, திரை மற்றதைப் பறிக்கிறது. மடியில் உறங்கியவளைக் கொன்றவனோ இரண்டிலும் தப்பிவிடுகிறான். வில்லுப்பாட்டு மட்டுமே கொடைதோறும் அவனை ஊர்முன் இழுத்து வருகிறது.

ஹெக்கடியின் ஊர் எது என்ற ஆய்வில் வலுவான சான்று ஆட்பெயர்கள். இன்றைய துருக்கியின் தென்மேற்கிலுள்ள காரியாப் பகுதியில் ஹெகடேயஸ், ஹெகடோம்னஸ் என அவள் பெயரைத் தாங்கியோர் மிகுதி. ஒரு தெய்வம் எங்கே வீட்டுக்குள் இருந்தது என்பதைப் பெயர்கள் சொல்லிவிடுகின்றன. அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கலாம். மகளுக்கு யக்ஷி என்று பெயரிடும் குடும்பத்தைக் காண்பது அரிது. நெல்லையிலும் குமரியிலுமோ வகுப்பறையின் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் இசக்கிமுத்து, இசக்கியம்மாள், இசக்கிராஜா. ஆரல்வாய்மொழிக் கணவாயருகே முப்பந்தல் கோயிலில், பிள்ளை வேண்டிக் கட்டிய சிறு மரத்தொட்டில்கள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கின்றன.