குடும்பத்துக்கு எந்த வரிசை?

தில்லி இந்திரா காந்தி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் வந்திறங்குவோரை வரவேற்பவை, சுவரிலிருந்து நீண்டு நிற்கும் பெரிய கை முத்திரைகள். அவற்றின் கீழே வரிசைகள் பிரிகின்றன: இந்தியக் கடவுச்சீட்டு ஒருபுறம், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மறுபுறம். பதினைந்து மணி நேரம் அருகருகே அமர்ந்து வந்த குடும்பம் ஒன்று அங்கே தயங்கி நிற்பது அரிய காட்சியன்று. பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்கள். அமெரிக்காவில் பிறந்த மூன்று வயது மகளிடம் அமெரிக்கக் கடவுச்சீட்டு. பலகையின் சொற்படி நடந்தால் அக்குழந்தை தனியே நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டு நாளிதழ்கள் இச்சோதனையைப் பெரும்பாலும் ‘குடியுரிமைச் சோதனை’ என்றே எழுதுகின்றன. சிங்கப்பூர்த் தமிழில் அது ‘குடிநுழைவு’. இலங்கைத் தமிழில் ‘குடிவரவு’. பின்னவை இரண்டும் ஒருவர் எல்லை கடந்து வருவதைக் குறிக்கின்றன. முன்னது அவர் எந்நாட்டவர் என்பதையே முன்னிறுத்துகிறது. மொழிபெயர்ப்பு என்ற அளவில் தமிழ்நாட்டு வழக்கு பிழையானதே. ஆயினும் அக்கூடத்தில் நடப்பதை அப்பிழையே சரியாகச் சொல்லிவிடுகிறது. அங்கே மனிதர்களைப் பிரிப்பது பயணமன்று, குடியுரிமை.

கலப்புக் குடியுரிமைக் குடும்பம் என்பது விருப்பத்தால் மட்டும் உருவாவதில்லை. சட்டமே அதை உருவாக்குகிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, விரும்பி அயல்நாட்டுக் குடியுரிமை பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். அயல்நாட்டில் பிறக்கும் குழந்தையை இந்தியக் குடியாகப் பதிவுசெய்யவேண்டுமானால், அதற்கு வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்று பெற்றோர் உறுதியளிக்க வேண்டும். இந்தியக் குடியை மணந்த அயல்நாட்டவர் ‘இந்திய வெளிநாட்டுக் குடியுரிமை’ அட்டைக்கு விண்ணப்பிக்க, திருமணம் பதிவாகி இரண்டாண்டுகளேனும் தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். பாகிஸ்தான், வங்கதேசப் பின்னணி உடையவர்க்கு அவ்வழியும் அடைபட்டுள்ளது. ஆக, ஒரே வீட்டில் மூவர் மூன்று வகையினராக இருப்பது விதிவிலக்கன்று. விதிகளின் இயல்பான விளைவு.

நடைமுறையில் பல அதிகாரிகள் கைக்குழந்தையைக் கண்டதும் குடும்பத்தைச் சேர்த்தே அழைத்துவிடுகிறார்கள். அது பாராட்டுக்குரியது, ஆனால் கனிவு விதியாகாது. எழுதப்படாத சலுகை, கேட்கத் தெரிந்தவர்க்கே கிடைக்கும். ஆங்கிலமோ இந்தியோ சரளமாகப் பேசுபவர் முன்சென்று கேட்டுப் பெற்றுவிடுவார். முதன்முறை வரும் மருமகளும், பேரக்குழந்தையை அழைத்துவரும் முதிய பாட்டியும் பலகையை நம்பிப் பிரிந்து நிற்பார்கள்.

இதற்கு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. குடிமகன் தன் நாட்டுக்குள் நுழைவது உரிமை. அயல்நாட்டவர் நுழைவது அனுமதி. அயல்நாட்டவரின் விசாவைப் பார்க்க வேண்டும், கைரேகையும் எடுக்க வேண்டியிருக்கலாம். இரண்டையும் ஒரே முகப்பில் வைத்தால் குடிமக்களின் வரிசை தேங்கும் என்பார்கள். ஆனால் இவ்வாதம் சோதனையையும் காத்திருப்பையும் ஒன்றாகக் குழப்புகிறது. ஒவ்வொரு கடவுச்சீட்டையும் அதற்குரிய விதிப்படி தனித்தனியே சோதிக்கட்டும். நிற்பது மட்டும் சேர்ந்து நிற்பதாக இருக்கட்டும். குடிமக்கள் வரிசை தேங்குமெனில், குடும்பம் முழுவதும் அயல்நாட்டவர் வரிசையிலேயே நிற்கட்டும். நேரம் கூடினாலும் பெரும்பாலான பெற்றோர் அதையே விரும்புவர். குழந்தை கடத்தலைத் தடுக்க விரும்பும் அதிகாரிக்கும், குழந்தை பெற்றோருக்கு அருகில் நிற்பதே விசாரிக்க எளிது.

ஐரோப்பாவின் ஷெங்கன் எல்லை விதிகள் இதை ஏற்கெனவே எழுதிவைத்துள்ளன. தடையற்ற நடமாட்ட உரிமை பெற்றோருக்கான வரிசையில் ஒன்றியக் குடிமக்களோடு, அவ்வுரிமைக்குட்பட்ட அவர்களுடைய அயல்நாட்டுக் குடும்பத்தினரும் நிற்கலாம். குடும்பம் என்ற சொல்லுக்கு அங்கே சட்டத்தில் இடமிருக்கிறது.

இந்தியாவில் இப்போது இது அவசரமாவதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூனில் தில்லியில் தொடங்கிய விரைவுக் குடியேற்றச் சோதனைத் திட்டம், 2025 ஜனவரியில் சென்னை, மும்பை உள்ளிட்ட மேலும் ஏழு விமான நிலையங்களுக்கு விரிந்தது. முன்பதிவு செய்த இந்தியக் குடிமக்களும் வெளிநாட்டுக் குடியுரிமை அட்டை உடையவர்களும் தானியங்கி வாயில் வழியே விரைவில் வெளியேறலாம். நல்ல திட்டம்தான். ஆனால் வாயில் ஒவ்வொருவராகவே உள்ளே விடும்; அட்டை இல்லாத துணைவருக்கு அது திறக்காது. அதிகாரியிடம் கேட்கலாம், வாயிலிடம் கேட்க முடியாது. மனிதரின் கனிவை நம்பி இதுவரை எழுதாமல் விட்ட விதியை, இயந்திரம் வந்தபின்னும் எழுதாமல் விடுவது அக்கனிவையும் இழப்பதாகும்.

வரிசை என்பது சிறிய செய்தி என்று தள்ளிவிடலாம். 2025 ஏப்ரலில் பாகிஸ்தானியரின் விசாக்கள் இரத்தானபோது, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த தாய்மார் சிலர், பாகிஸ்தான் கடவுச்சீட்டு வைத்திருந்த தம் பிள்ளைகளோடு அட்டாரி எல்லையில் தடுக்கப்பட்டனர். பிள்ளைகள் கடக்கலாம், தாய் கடக்கக்கூடாது என்பதே அவர்களுக்குக் கிடைத்த விடை. விமான நிலையத்தில் அரைமணி நேரம் பிரிந்து நிற்பதை அத்துயரோடு ஒப்பிட முடியாது. ஆனால் இரண்டும் ஒரே கணக்கிலிருந்து பிறப்பவை: அரசு தனிமனிதரை மட்டுமே எண்ணுகிறது, குடும்பத்தை எண்ணுவதில்லை.

அந்தப் பெரிய கணக்கு உடனே மாறப்போவதில்லை. பலகை மாறலாம். ‘ஒரே குடும்பமாக வருவோர் எந்நாட்டவராயினும் இவ்வரிசையில் சேர்ந்து நிற்கலாம்’ என்று ஒரு முகப்பின் மேல் எழுதுவதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.