ஆளில்லா வேளையில் அயன்மொழி ஆள்வதோ?

வீட்டுக்குரியவன் வெளியே சென்றிருக்கும்போது வாயிலில் நின்று விடைசொல்பவன் யார் என்பதைக் கொண்டே அவ்வீட்டின் ஆட்சி யாருடையது என்று அறியலாம். தமிழன் எடுக்கவியலாத வேளையில் அவன் கைப்பேசியின் வாயிலில் நிற்பது ஆங்கிலம். அவன் பெயரால் பேசுவது அயலான் குரல்; அவனைப் பெற்ற தாய்க்கு விடையளிப்பது அவள் அறியாத மொழி. குரலஞ்சல் என்னும் சிறிய ஏற்பாட்டுக்குள் இத்துணைப் பெரிய இழிவு ஒளிந்து கிடப்பதைத் தமிழர் இன்னும் எண்ணிப் பார்த்தாரல்லர்.

குரலஞ்சல் என்பது யாது? அழைக்கப்பட்டவர் எடுக்காதபோதோ, எட்டாதபோதோ, வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கும்போதோ, அவ்வழைப்பைத் தான் ஏற்று, அழைத்தவர் சொல்வதைப் பதிந்துவைத்து, உரியவர் பின்னர்க் கேட்குமாறு தரும் ஏற்பாடே அது. அமெரிக்காவைச் சார்ந்த கார்டன் மேத்யூசு என்பார் இதற்கென 1979-இல் காப்புரிமை கோரி, 1983-இல் அதனைப் பெற்றார். அந்நாட்டில் இன்று கைப்பேசியும் குரலஞ்சலும் உடலும் நிழலும் போல் இணைந்தே வருகின்றன.

தமிழகத்தில் அது வேரூன்றவில்லை. அதற்குக் கரணியம் கேட்டால், தமிழர் சிக்கனம் என்பர் சிலர். இந்தியாவில் முதற் கைப்பேசி அழைப்பு நிகழ்ந்தது 1995 சூலை 31-ஆம் நாள். 2003 மே முதல்நாள் வரை, வந்த அழைப்பை எடுத்துப் பேசியவரும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே, எடுக்காமலே செய்தி சொல்லும் வழியை மக்கள் கண்டனர். ஒருமுறை மணியடித்தால் ‘வந்து சேர்ந்தேன்’ என்று பொருள். இருமுறை அடித்தால் ‘நீ அழை’ என்று பொருள். காசின்றிச் செய்தி சேரும்போது, காசு கொடுத்துப் பொறியிடம் பேசுவார் யார்?

இஃது உண்மையே; ஆயின் முழு உண்மையன்று. புலனம் என்று தமிழர் பெயரிட்டழைக்கும் வாட்சாப்பில், குரலைப் பதிந்து அனுப்பும் வசதி 2013-இல் வந்தது. எழுதப் படிக்க அறியாத பாட்டியும் இன்று அதிற் பேசி அனுப்புகிறாள். காய்கறி வணிகர் பேசி அனுப்புகிறார். தானி ஓட்டுநர் பேசி அனுப்புகிறார். குரலைப் பதிந்து விடுப்பதில் தமிழனுக்கு வெறுப்பில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அங்கே வாயிலில் நின்று ஆங்கிலத்தில் ஆணையிடுவார் ஒருவருமில்லை. அதனாலே பாட்டி அச்சமின்றி உள்ளே நுழைந்தாள். இதுவே இங்கு நோக்கத் தக்கது.

இனி, சென்னை மந்தைவெளியைப் பாருங்கள். மந்தை மேய்ந்த வெளி என்று தன் பெயரிலேயே தமிழ்ப்பொருள் விளங்க நிற்கும் ஊர் அது. இன்று அங்கே பறக்கும் தொடர்வண்டி நிலையம் உண்டு; அடுக்குமாடிகள் உண்டு; அவற்றுள் முதியோர் இருவர் மட்டுமே வாழும் இல்லங்களும் உண்டு. பெற்ற பிள்ளை கலிபோர்னியாவில் இருப்பான். மந்தைவெளியில் நண்பகலாகும்போது அங்கே உறங்கும் வேளை. இங்குத் தந்தையார் குளியலறையில் வழுக்கி விழுகிறார். தாய் நடுங்கும் கையால் மகனை அழைக்கிறாள். மகன் எடுக்கவில்லை. எடுத்தது பொறி. அது ஆங்கிலத்தில், விரைந்து, மூக்கொலியோடு ஏதோ சொல்கிறது; பின்னர் ஓர் ஓசை எழுப்பி வாளாவிருக்கிறது. அவ்வோசைக்குப்பின் தான் பேச வேண்டும் என்பதை அத்தாய் எங்ஙனம் அறிவாள்? ‘யாரோ வேற்றாள் எடுத்துவிட்டார்’ என்றெண்ணி வைத்துவிடுகிறாள். விடிந்தெழுந்த மகன் காண்பது தவறிய அழைப்பு ஒன்று மட்டுமே. ‘அம்மா வழக்கம்போல் அழைத்திருப்பாள், மாலையில் பேசலாம்’ என்று பணிக்குச் செல்கிறான்.

இது யாரோ ஒருவர் வீட்டுக் கதையன்று. கடல் கடந்த பிள்ளைகளைப் பெற்ற எத்தனையோ வீடுகளில் நிகழக்கூடியது. இங்கே குற்றவாளி யார்? பொறியா? பொறி சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும். அமெரிக்க நிறுவனமா? அது தன் மக்களின் மொழியில் பேசுகிறது. தன் குரலிலேயே தமிழில் வரவேற்புரை பதிந்துகொள்ள வழியிருந்தும், அதனைச் செய்யாத தமிழ்மகனே குற்றவாளி! தாய் கேட்க நான்கு சொற்களைத் தமிழிற் பதிய அவனுக்கு அரைமணித்துளி போதும். அவ்வரைமணித்துளியை அவன் தாய்மொழிக்குத் தரவில்லை. அதனால் தாய்க்கும் தரவில்லை.

தூது என்பது தமிழர்க்குப் புதிதா? வள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பிசிராந்தையார், உறையூரிலிருந்த கோப்பெருஞ்சோழனுக்கு அன்னச்சேவலைத் தூதுவிட்ட பாட்டு புறநானூற்றில் உள்ளது. நெஞ்சைத் தூதுவிட்டனர், முகிலைத் தூதுவிட்டனர், தமிழையே மதுரைச் சொக்கநாதரிடம் தூதுவிட்டுத் ‘தமிழ்விடு தூது’ என்று ஒரு நூலும் செய்தனர். தமிழையே தூதனுப்பிய இனம், இன்று தன் வீட்டுச் செய்தியை வாங்கிவைக்க ஆங்கிலத்தை ஏவலனாக அமர்த்தி, அவ்வேவலனுக்கே தான் அஞ்சி நிற்கிறதே! இதனினும் தாழ்வு உண்டோ?

இதற்கு மறுப்புரைப்பார் சிலர் உளர்.

‘தொலைபேசி அயலார் கண்டது, அதற்கு அவர் மொழியே ஏற்றது’ என்பர். தொலைபேசியில் ‘அலோ’ என்று தொடங்கும் வழக்கு ஆங்கிலேயருக்கே பழையதன்று. கருவியைக் கண்ட கிரகாம் பெல், கப்பலோட்டிகள் கூவும் ‘அகாய்’ என்னும் விளியையே விரும்பினார்; 1877-இல் ‘அலோ’ என்பதை முன்மொழிந்தவர் எடிசன். சப்பானியர் ‘மொசி மொசி’ என்கின்றனர். இத்தாலியர் ‘புரொந்தோ’ என்கின்றனர். அவரவர் கருவியை வாங்கினர், நாவை விற்கவில்லை. தமிழனுக்கு மட்டும் ‘வணக்கம்’ என்பது நாவில் முள்ளாகக் குத்துவானேன்?

‘தூய தமிழில் சொன்னால் மக்களுக்கு விளங்காது’ என்பர் இன்னுஞ் சிலர். அழைத்தவர் எட்டாதபோது ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று கைப்பேசி தமிழில் அறிவித்தது. அகரமுதலியைப் புரட்டியா மக்கள் அதற்குப் பொருள் அறிந்தனர்? கேட்டனர், விளங்கிற்று. இன்று கண்ணிற் படாத நண்பனையும் ‘தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறான்’ என்று நகையாடும் அளவுக்கு அத்தொடர் மக்கள் வாயில் ஊறிவிட்டது. மக்களுக்குத் தமிழ் விளங்காததன்று குறை. அவர்க்குத் தமிழைக் கொடாததே குறை.

‘சொல்லுக்கு எங்கே போவது’ என்பார், மந்தைவெளியை அடுத்த சாந்தோம் நெடுஞ்சாலைக்குப் போகலாம். அங்கே நகர் நிருவாக அலுவலக வளாகத்தில் அமைந்ததே அகரமுதலித் திட்ட இயக்ககம். மொழிஞாயிறு பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974-இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணி, அவர் 1981-இல் மறைந்த பின்னும் தொடர்ந்து 2011-இல் நிறைவெய்தியது. கலைச்சொற்களைத் திரட்டித் தரும் சொற்குவையும் அவ்வியக்ககத்தின் பணியே. சொல்வளம் கூப்பிடு தொலைவில் குவிந்து கிடக்க, கைப்பேசி மட்டும் இரவல் மொழியில் பேசுகிறது.

இனிச் செய்யத்தக்கன இவை:

குரலஞ்சல் ஏற்பாடு எல்லா நிறுவனத்தாரிடமும் இல்லை. உண்டா, கட்டணம் எவ்வளவு என்று முதலில் தமிழிலேயே கேளுங்கள். உண்டெனில், பெரும்பாலான கைப்பேசிகளில் ‘1’ என்னும் எண்ணை நெடிதழுத்தினால் குரலஞ்சல் திறக்கும். அங்கே வரவேற்புரையைப் பதியும் பகுதியைத் தேர்ந்து, உங்கள் குரலிலேயே பதியுங்கள்: ‘வணக்கம். இஃது இன்னாருடைய கைப்பேசி. இப்பொழுது எடுக்க இயலவில்லை. மணியொலி கேட்டதும் உங்கள் பெயரையும் செய்தியையும் சொல்லுங்கள்.’ இதிற் கடுஞ்சொல் எது? கடல் கடந்து வாழ்வார், ‘அம்மா, அப்பா, ஓசை கேட்டதும் பேசுங்கள், கேட்டுவிட்டு நானே அழைக்கிறேன்’ என்று முதலிற் பதிந்து, அயலார்க்கென அதன்பின் ஆங்கிலத்தைச் சேர்க்கட்டும். முதலில் தமிழ், பின்னரே பிற. ‘பிசியா இருக்கேன், அப்புறம் கால் பண்றேன்’ என்னும் கலப்படத்தைப் பதிவதினும் வாளாவிருத்தல் நன்று.

நிறுவனத்தார் தந்த மறையெண்ணை உடனே மாற்றுங்கள். மாற்றாது விட்ட எளிய மறையெண்களைக் கொண்டு பிறர் குரலஞ்சலைத் திருட்டுத்தனமாகக் கேட்ட இழிசெயல் இங்கிலாந்தில் வெளிப்பட்டு, ‘நியூசு ஆஃப் தி வேர்ல்டு’ என்னும் பழைய செய்தித்தாளே 2011 சூலையில் மூடப்பட்டது. ‘உடுக்குறியிட்டு 401 என்று தொடங்கும் எண்ணை அழுத்துங்கள்’ என்று எவரேனும் சொன்னால் அழுத்தாதீர்கள். உங்கள் அழைப்புகள் கயவர் கைக்குத் திரும்பிவிடும். இம்மோசடி பெருகியதாலேயே, குறியெண்வழி அழைப்பைத் திருப்பும் முறையை 2024 ஏப்பிரல் 15 முதல் நிறுத்திவைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. இத்தகைய எச்சரிக்கைகள் தமிழில் முழங்காவிடின், ஏமாறுவோர் தமிழரே.

இனி, அரசின் கடமை. தொலைபேசி, அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் நடுவணரசின் பட்டியலில் 31-ஆம் இனமாக உள்ளது. தமிழன் வாயருகே உள்ள கருவியின் மொழியைத் தமிழக அரசு தனித்து வகுக்க இயலாது! ஆயினும், நடுவணரசின் 1976-ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாகவே செல்லும் என்று அவ்விதிகளே கூறுகின்றன. அவ்விலக்கு வானத்திலிருந்து விழுந்ததன்று, போராடிப் பெற்றது. தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு விதிகள், நிறுவனத்தாரின் குறைகேட்கும் பொறிக்குரலில் மொழியைத் தேரும் படியே முதலில் வரவேண்டும் என்கின்றன. குறை சொல்லும் வாயிலுக்கு உரிய அந்நெறி, செய்தி சொல்லும் வாயிலுக்கு ஏன் ஆகாது? தமிழ்நாட்டு எண்ணுக்குரிய குரலஞ்சல், கேளாமலே முதலில் தமிழில் பேசுதல் வேண்டும். இதனை ஒவ்வொரு தமிழனும் தன் நிறுவனத்தார்க்குத் தமிழில் எழுதிக் கேட்டல் வேண்டும். கேளாத உரிமை கிடைத்ததாக வரலாறு இல்லை.

தமிழ்ப் பெருமக்களே! மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குவது எளிது. ஆளில்லா வேளையிலும் உங்கள் பெயரால் தமிழ் பேசுமாறு செய்வதே செயல். இன்றே கைப்பேசியை எடுங்கள். அங்கே வாயில் காக்கும் அயன்மொழியை விலக்கி, தமிழை நிறுத்துங்கள். அடுத்தமுறை அழைக்கும் தாய், மகன் எடுக்காவிடினும், தன் மொழியையேனும் கேட்கட்டும். கேட்டு, அஞ்சாது தன் செய்தியைச் சொல்லட்டும்!