நம்மூர்ப் புதுமனைகள்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன உணவும் உடையும் உறையுளும் என்ப. இம்மூன்றனுள் உணவிற் பிழை நேரின் அடுத்த வேளையே திருத்திக்கொள்ளலாம். உடையிற் பிழை நேரின் அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். உறையுளிற் பிழை நேரினோ, கட்டினவர் மட்டுமன்றி அவர்தம் மக்களும் அதனுள்ளேயே இருந்து அதன் பயனை நுகர்தல் வேண்டும். அங்ஙனமிருக்க, உணவைக் குறித்தும் உடையைக் குறித்தும் விடுதியில் நாள்தோறும் வழக்காடும் மாணவராகிய நாம், உறையுளைக் குறித்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆதலின் அதனைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராயத் துணிந்தோம்.

திண்டுக்கல்லினின்று மேற்கே பழனிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது ரெட்டியார்சத்திரம். அவ்வழியே இன்னும் மேற்சென்றால் ஒட்டன்சத்திரம் வரும். சத்திரம் என்பது வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கித் தங்கும் மனையன்றோ? பிறர்க்கு நிழல் தருதலையே பெயராக உடைய இவ்வூர்ப் பக்கத்தில், இன்று எழும்பும் புதுமனைகளை நோக்குமின்! சதுரப் பெட்டிபோல் எழுந்த சுவர்கள். மேலே தட்டையான கான்கிரீட்டுத் தளம். முகப்பில் நீலக் கண்ணாடியும் எவர்சில்வர்க் கைப்பிடியும். வாயிற்படிக்கு முன்னே திண்ணையில்லை, காரும் மோட்டார் சைக்கிளும் நிற்கும் இடமே உண்டு. மனையைச் சுற்றி மரம் ஒன்றும் இராது. இருந்ததும் அடிவானம் தோண்டும்பொழுதே வெட்டப்பட்டிருக்கும். சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கண்ட வடிவத்தையே, நாற்புறமும் வெளி கிடக்கும் சிற்றூரிலும் கொணர்ந்து நாட்டியிருக்கின்றனர். இடம் நெருங்கிய நகரத்தார்க்கு அவ்வடிவு வேண்டுவதாயிற்று. இடம் பரந்த நமக்கு அது வேண்டியதென்னை?

அழகு அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது. அதனை யாம் பழிக்கப் புகவில்லை. யாம் வினவுவது வெப்பத்தை. நம்மூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழப் பத்தரைப் பாகையில் உள்ளது. ஆதலின் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியை ஒட்டியும் நண்பகலில் ஞாயிறு நேர் உச்சியிலே நிற்கும். உச்சி வெயில் சுவரின்மேற் படுவது சிறிது. கூரையின்மேற் படுவதே பெரிது. நான்கைந்து அங்குலம் தடித்த கான்கிரீட்டுத் தளம் காலை தொடங்கி வெப்பத்தை உண்டு, மாலை தொடங்கி அதனை வீட்டினுள்ளே உமிழ்கின்றது. வெளியே காற்றுக் குளிர்ந்த பின்னரும் உள்ளே படுத்தவர்க்குத் துயிலில்லை. ஓட்டுக் கூரையோ மெல்லியது. ஓடுகளின் இடுக்குவழியே வெங்காற்று மேலேறி வெளிப்படும். ஞாயிறு சாய்ந்த சிறிது நேரத்தில் அது தணிந்துவிடும். இவ்வேறுபாட்டை அறியப் பெருங்கல்வி வேண்டா. சித்திரை மாதத்தில் ஓர் இரவு இரு வீடுகளிலும் படுத்தெழுந்தாற் போதும்.

இவ்வெப்பத்தை நுகர்பவர் யார் என்பதையும் எண்ணல் வேண்டும். வீடு கட்டத் திட்டமிடும் ஆடவர் பகலெல்லாம் தோட்டத்திலோ கடையிலோ அலுவலகத்திலோ இருப்பர். நண்பகலில் அத்தளத்தின்கீழ் இருப்போர் மகளிரும் முதியோரும் தொட்டிற் குழவிகளுமே. வீட்டின் படத்தை வரையும்பொழுது இவர்களிடம் ஒரு சொற் கேட்பார் மிகச் சிலர்.

தமிழ் கற்கும் நமக்கு இதிற் பிறிதொரு வருத்தமும் உண்டு. நம் முன்னோர் சாளரத்தைக் காலதர் என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். பத்துப்பாட்டுள் நக்கீரனார் இயற்றிய நெடுநல்வாடை, நிழலை நோக்கித் திசை அறிந்து நூலிட்டு மனை வகுத்த திறத்தையும், வேனிலிற் தென்றல் புகும் சாளரத்தைக் கூதிர்க்காலத்தில் கதவிட்டு அடைத்ததையும் கூறுகின்றது. காற்றின் திசையும் பருவத்தின் மாற்றமும் அறிந்து மனை வகுத்த மரபு நம்முடையது. இன்று நாம் வழங்கும் ஜன்னல் என்னும் சொல் போர்ச்சுக்கீசியர் தந்தது. சொல் எவருடையதாயினும் ஆகுக. பொருள் நிலைத்தாற் போதும். ஆயின் இன்று பொருளே மாறிவிட்டது. திறவாத கண்ணாடி பதித்து, உள்ளே திரையிட்டு, குளிர்பதனப் பெட்டி வைத்தற்காகவே இறுக மூடிய துளை காலதர் ஆமோ? அங்ஙனமே, இல்லின் முன்னிடத்தைக் குறித்த முன்றில் என்னும் சொல்லும் இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாக நன்னூல் வகுப்பில் வாழ்கின்றதேயன்றி, ஊரில் வாழ்கின்றிலது.

நிற்க. ‘பழைய வீடுகளுக்கே திரும்புக என்று கூறுகின்றீரோ?’ என்று அன்பர் வினவலாம். அன்று. பழைய வீட்டின் குறைகள் பல. அடுக்களையிற் புகையுண்டு கண் கலங்கிய அன்னையர் எத்துணையர்! கழிப்பிடம் இன்மையால் இருட்டும்வரை காத்திருந்த பெண்கள் எத்துணையர்! கூரை வேய்ந்த குடிலில் வாழ்வோர்க்குத் தீயச்சம் ஒருபுறம், பாம்பச்சம் மற்றொருபுறம், சில ஆண்டுகட்கொருமுறை கூரை மாற்றும் செலவு பிறிதொருபுறம். திண்ணையைப் புகழ்ந்து பேசுவோர் பிறிதொன்றையும் மறைத்தல் ஆகாது. வழிப்போக்கர்க்கு இடந்தந்த அதே திண்ணையின்மீது ஏறுதற்குரியர் இன்னார், தெருவிலேயே நிற்றற்குரியர் இன்னார் எனச் சாதி வரையறுத்த ஊர்கள் பல இருந்தன. அந்நாளைய தெருவில் நின்றவரின் பேரப்பிள்ளைகள் இன்று தம் உழைப்பால் ஒரு கான்கிரீட்டு வீடு கட்டி அதற்குப் பளிச்சென்ற வண்ணம் பூசினால், அதனை நகைப்பதற்கு நமக்கு உரிமையில்லை. அவர்க்கு அத்தளம் வெறும் தளமன்று, மதிப்பின் அடையாளம்.

அரசினரும் இவ்வுணர்ச்சியை அறிந்தே நடக்கின்றனர். 2030-ஆம் ஆண்டிற்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு காணல் வேண்டும் என்னும் நோக்கத்துடன், 2024-ஆம் ஆண்டில் ‘கலைஞரின் கனவு இல்லம்’ என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 8 லட்சம் வீடுகள் கட்டுதல் அதன் குறிக்கோள். ஒரு வீட்டிற்கு 3½ லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. அதனுள் 300 சதுர அடி கான்கிரீட்டுத் தளம். குடிலில் நனைந்தவர்க்கு இஃது எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதை யாம் மறவோம். ஆயினும், எண்ணற்ற ஏழைகள் இனி ஒரு தலைமுறை வாழப்போகும் தளங்கள் இவை. அவற்றின் வெப்பத்தைக் குறைக்கும் வழியையும் உடன் சேர்த்துத் தருதல் அரசினர்க்கு அரிதன்று.

உண்மையில் இவ்வழக்குப் பழமைக்கும் புதுமைக்கும் இடையே நிகழ்வதன்று. நாம் இன்று பழைய கூரை என்று எண்ணி இரங்கும் மங்களூர் ஓடே ஒருகாலத்திற் புதுமைதான். 1865-ஆம் ஆண்டில் பாசல் மிஷனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவினர். ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளுமாறு அச்சில் வார்த்த அவ்வோடுகள் விரைவிலே தென்னாடெங்கும் பரவின. நாட்டோடு வேய்ந்தவர் அதனை வியந்து ஏற்றனர். ஏன் ஏற்றனர்? எடை குறைந்தது, மழை ஒழுகாது, காற்றுப் புகும், ஆண்டுதோறும் கூரை மாற்ற வேண்டா. இங்ஙனம் நம் வெயிலுக்கும் மழைக்கும் பொருந்திய புதுமை நம்முடையதே ஆகிவிடும். பொருந்தாத புதுமை எத்தனை ஆண்டு இருப்பினும் அயலதே.

பொருந்திய புதுமைக்கு ஒரு சான்று காட்டுவோம். 1917-இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமிற் பிறந்து, 1945-இல் தொழுநோயாளர்க்குத் தொண்டாற்றும் மிஷன் ஒன்றன் கட்டடப் பணிக்காக நம் நாடு போந்தவர் லாரி பேக்கர். பின்னர்த் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2007-இல் அங்கேயே மறைந்தார். ஒரு வீட்டிற்கு வேண்டும் பொருள்களெல்லாம் ஐந்து மைல் சுற்றளவில் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் எனக் காந்தியடிகள் கூறக் கேட்டது தம் வாழ்நாள் முழுதும் வழிகாட்டியது என்பது அவரே உரைத்த செய்தி. அவர் கையாண்ட முறைகளுள் இரண்டு நமக்கு மிகவும் பயன்படுவன. ஒன்று, எலிப்பொறிக் கட்டு: செங்கலைப் படுக்க வையாது விளிம்பில் நிறுத்திக் கட்டுவதால், ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே வெற்றிடம் அமையும், செங்கல் ஏறத்தாழக் காற்பங்கு மிச்சமாகும், வெற்றிடத்துக் காற்று வெப்பத்தைத் தடுக்கும். மற்றொன்று, தளத்தின் கீழ்ப்பாதியில் ஓடுகளைப் பதித்தல்: தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே, அங்குள்ள கான்கிரீட்டு பெரிதும் பளுவாகவே நிற்கும். அவ்விடத்தில் பழைய ஓடுகளை வைத்து வார்த்தால் சிமெண்டும் குறையும், எடையும் குறையும், வெப்பமும் குறையும். ஆரோவில்லில் 1989-இல் தொடங்கிய மண்கட்டட நிறுவனமும், மண்ணுடன் சிறிதளவு சிமெண்டு சேர்த்து அழுத்திய சுடாத கற்களால் உறுதியான வீடுகள் கட்டிக் காட்டியுள்ளது. செம்மண் மிக்க நம் பக்கத்திற்கு அது பொருந்தாதோ?

முற்றத்தை எடுத்துக்கொள்வோம். சிறு மனையில் முற்றத்திற்கு இடமேது என்பர். கொழும்பு நகரில், நெருங்கிய மனையிலே, 1960-களின் தொடக்கத்தில் ஜெஃப்ரி பாவா என்னும் கட்டடக் கலைஞர் ஈனா டி சில்வாவிற்குக் கட்டிய வீடு, நடுவே முற்றம் அமைத்து, அறைகளெல்லாம் அம்முற்றத்தை நோக்குமாறு வகுக்கப்பட்டது. இந்நாளைய வாழ்க்கையும் பண்டைய முற்றமும் ஒன்றாய் அமைய இயலும் என்பதை அது காட்டிற்று. நம் செட்டிநாட்டிலோ, முற்றத்தோடு கூடிய மாளிகைகள் இடிக்கப்பட்டு, அவற்றின் தேக்குத் தூண்கள் காரைக்குடிக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. அவற்றை வாங்குவோர் பலர் குளிரூட்டிய கூடத்தின் நடுவே அழகுக்காக நிறுத்துகின்றனர். தூணைக் கொண்டுசென்றவர் அத்தூண் தாங்கிய நிழலைக் கொண்டுசெல்லவில்லை.

இனி வீட்டின் உள்ளே புகுவோம். பத்தடி உயரமுள்ள கூடத்தில் அழகுக்காகப் பொய்க்கூரை தொங்கவிட்டு உயரத்தைக் குறைக்கின்றனர். வெங்காற்று மேலே ஏறி நிற்க இடமில்லாது போகின்றது. முகம் தெரியும்படி மின்னும் வழுக்குத் தரையைப் பதிக்கின்றனர். முதியோர் சுவரைப் பற்றிக்கொண்டு நடக்கின்றனர். கூடத்தில் பெரிய மெத்தை இருக்கைகள் உண்டு. பாய் விரிக்க இடமில்லை. இவையெல்லாம் யாருக்காக வகுத்தவை? மாதச் சம்பளம் பெற்று, கடையில் நாட்பொருள் வாங்கி வாழும் நகரத்துக் குடும்பத்திற்காக. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைவிக்கும் நம்மூர் உழவர்க்கோ, மூட்டை அடுக்கவும் விதை காக்கவும் கருவிகள் வைக்கவும் வடகம் உலர்த்தவும் இடம் வேண்டும். வெங்காயத்திற்குக் காற்றோடும் பட்டறை வேண்டும் என்பதை நன்கறிந்த உழவர், தம் மக்களுக்குக் காற்றோடும் அறை வேண்டும் என்பதை மறந்தது வியப்பினும் வியப்பே!

‘இவையெல்லாம் பொருள் மிக்கார்க்கே இயலும், மேஸ்திரிமார் அறியாத முறையைச் சொன்னால் வேலையே நடவாது’ என்று சிலர் தடை கூறுவர். பின்னதில் உண்மை உண்டு. அறியாத முறையைப் பிழைபடச் செய்தால் சுவர் விரியும். பழி முறையின்மேல் விழும். எனவே மேஸ்திரிமார்க்கும் கொத்தனார்க்கும் இவற்றைப் பயிற்றுவித்தலே முதற்கடமை. முன்னதற்கோ விடை எளிது. செலவின்றியும் சிறு செலவிலும் செய்யத்தக்கன பல உள. மாடித் தளத்தில் வெண்சுண்ணாம்பு பூசுதல், வாய்ப்புடையார் வெள்ளை ஓடு பதித்தல், ஒவ்வோர் அறையிலும் எதிரெதிரே இரு சாளரம் வைத்தல், மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு வேம்பு நடுதல், சாளரத்தின்மேல் வெயில் மறைப்பை ஒரு சாண் நீட்டுதல் ஆகிய இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. முகப்புக் கண்ணாடிக்குச் செலவிடும் தொகையிற் சிறு பங்கே இவற்றிற்குப் போதும்.

இக்கல்லூரியிற் பயின்று பொறியாளராகவும் அரசு அலுவலராகவும் ஆசிரியராகவும் விளங்கும் பழைய மாணவர் பலர். அவர்தம் சொல்லுக்கு ஊரில் மதிப்புண்டு. அவரைப் பணிந்து வேண்டுகின்றோம்: நும் ஊரில் அரசு நிதியால் ஒரு வீடு எழும்பும்பொழுது, அதன் தளத்தையும் சாளரத்தையும் பற்றி ஒரு நல்லுரை கூறுமின். உடன் பயிலும் மாணவரையும் வேண்டுகின்றோம்: நும் தந்தையார் வீடு கட்ட முற்படும்பொழுது, இவ்வறையிற் காற்று எவ்வழி வரும், எவ்வழி போகும்? நண்பகலில் இங்கே இருப்பவர் யார்? பாட்டியார் எங்கே அமர்ந்து தெருவைப் பார்ப்பார்? வாயிலில் வந்தவர் எவராயினும் அமர இடமுண்டோ? என்று வினவுமின்.

இறுதி வினாவே யாம் பெரிதும் மதிப்பது. சாதி பார்த்து விலக்கிய பழைய திண்ணை போயிற்று, நன்று. எவரையும் அமரவிடாத புதிய வாயில் அதன் இடத்தில் வந்துள்ளது, அது நன்றன்று. எல்லார்க்கும் பொதுவான ஒரு சிறு திண்ணை, இரண்டடி அகலமாயினும், புதுமனைதோறும் அமையுமாயின், சத்திரம் என்னும் பெயர் நம்மூர்க்கு மீண்டும் பொருளுடையதாகும்.