இடுப்பு மூட்டுக்கும் பேட்ச் நம்பர் உண்டு

சேக்காடு, ஆவடி வட்டார வணிகப் பெருமக்களே! ஒரு மூட்டை துவரம்பருப்புக்கு நான்கு மண்டியில் விலையும் தரமும் விசாரிக்கிறோம். இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் என்றால் மட்டும் மறுகேள்வியின்றிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். இன்னொரு டாக்டரைக் கேட்டால் இவர் கோபித்துக்கொள்வாரோ என்ற கூச்சம்தான் காரணம். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார்.

விழுந்து எலும்பு முறிந்தவரை அழைத்துக்கொண்டு ஊர் சுற்றக் கூடாது, அது அவசரம். தேய்மானத்துக்கு அவகாசம் உண்டு. எக்ஸ்ரே, ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல் எதிரிலேயே அரசு பொது மருத்துவமனை. ஒரு நாள் வியாபாரம் போகும், போகட்டும்.

வருடத்துக்கு எத்தனை இடுப்பு ஆபரேஷன் செய்கிறீர்கள், எந்தக் கம்பெனி மூட்டு என்றும் கேளுங்கள். ஜான்சன் அண்ட் ஜான்சனைச் சேர்ந்த டிபுய் கம்பெனியின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அதைப் பொருத்தியிருந்தார்கள். 2018-ல் மத்திய அரசு நஷ்டஈட்டு முறை வகுத்தபோது, பெரும்பாலான நோயாளிகள் எங்கே என்றே தெரியவில்லை.

மூட்டின் பெயர், பேட்ச் நம்பர் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.