"பால் இல்லை" என்று சொல்லாதீர்கள்!

"பால் போதவில்லை!"

பிள்ளை பெற்ற வீட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. குழந்தை இரண்டு தடவை அழுதால் போதும். பாட்டி சொல்கிறாள். அத்தை சொல்கிறாள். பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணும் சொல்கிறாள். மாலைக்குள் பால் பவுடர் டின் வந்துவிடுகிறது.

அன்று முதல் தாய்க்கு உண்மையாகவே பால் குறையத் தொடங்குகிறது!

இறைத்தால் ஊறும்

இறைக்கிற கிணறுதான் ஊறும். தாய்ப்பாலும் அப்படித்தான்.

குழந்தை சப்பும்போது தாயின் மூளைக்குச் செய்தி போகிறது. மூளையின் அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அது இரண்டு சுரப்பு நீர்களை ரத்தத்தில் விடுகிறது. ஒன்று பாலை உண்டாக்கும். மற்றது பாலை வெளியே தள்ளும். குழந்தை குடிக்கக் குடிக்க மீண்டும் சுரக்கும். புட்டிப்பாலில் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் சப்பாது. சப்பாவிட்டால் சுரப்பு குறையும்.

ஆகவே, பால் பெருக முதல் மருந்து குழந்தையின் வாய்தான். கடையில் விற்பது அல்ல.

சீம்பாலைக் கொட்டாதீர்!

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வேண்டும். ஆபரேஷன் செய்து பிறந்தாலும், தாய்க்கு நினைவு தெளிந்ததும் கொடுக்கலாம்.

முதலில் வருவது மஞ்சள் நிறச் சீம்பால். கொஞ்சமாகத்தான் வரும். முதல் நாள் குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சில தேக்கரண்டி கூடத் தேவையில்லை. இந்தப் பாலில் நோயைத் தடுக்கும் சக்தி நிறைய உண்டு. இதைப் பீய்ச்சிக் கொட்டுவது பெரிய நஷ்டம்.

சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர் கூடத் தேவையில்லை.

எத்தனை தடவை?

கடிகாரம் பார்க்க வேண்டாம். குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை ஆகும். இரவிலும் கொடுங்கள். பாலை உண்டாக்கும் சுரப்பு நீர் இரவில்தான் அதிகம்.

குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் போதாது. சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். இல்லாவிட்டால் தாய்க்கு வலிக்கும். குழந்தைக்கும் பால் கிடைக்காது.

போதுமா என்று அறிவது எப்படி?

அழுகையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. வயிற்று உப்பல், தூக்கம், ஈரத்துணி எல்லாவற்றுக்கும் குழந்தை அழும். ஒரு வாரம் ஆன குழந்தை நாளுக்கு 6 தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் பால் போதுகிறது என்று அறியலாம்.

சிறுநீர் குறைந்தால், குழந்தை சோர்ந்து கிடந்தால், எடை ஏறாவிட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சில தாய்மார்களுக்கு உடல் காரணத்தால் பால் குறைவாகவே சுரக்கும். அவர்கள் டாக்டர் சொல்படி வேறு பால் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தாயைப் பட்டினி போடாதீர்!

பூண்டு, முருங்கைக்கீரை, பால் சுறாப் புட்டு எல்லாம் நல்ல உணவுதான். தாய்க்குத் தெம்பு தரும். ஆனால் குழந்தை சப்பாமல் இவை மட்டும் பாலைப் பெருக்கிவிடாது.

பத்தியம் என்று சோற்றையும் தண்ணீரையும் குறைப்பது தவறு. சோறு, பருப்பு, கீரை, முட்டை, மீன், பழம் எல்லாம் வயிறாரச் சாப்பிடட்டும். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கட்டும்.

கவலையும் வலியும் பால் இறங்குவதைத் தடுக்கும். "உனக்குப் பால் இல்லை" என்று சொல்லிச் சொல்லியே அவளைக் கலங்க வைக்காதீர்கள். சமையலையும் துணி துவைப்பதையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கணவனும் கை கொடுக்கட்டும்.

வேலைக்குப் போகும் தாய்

பால் டின்னுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதை 1992-ம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2015-ல் தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. 2017-ல் பிரசவ விடுமுறை முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் களை பறிக்கும் பெண்ணுக்கும், சித்தாள் வேலை செய்யும் பெண்ணுக்கும் அந்த விடுமுறையை யார் கொடுப்பது? வேலை கொடுப்பவர் குழந்தைக்குப் பால் கொடுக்க நேரமாவது கொடுக்க வேண்டும். அதற்குக் கூலி பிடிக்கக் கூடாது.

வீட்டில் விட்டுப் போகும் தாய், கை கழுவி, சுத்தமான பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி மூடி வைக்கலாம். நிழலான குளிர்ந்த இடத்தில் 4 மணி நேரம் வரை தாங்கும். வெயில் காலத்தில் அதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். புட்டி வேண்டாம். கொதிநீரில் போட்டு எடுத்த பாலாடையால் புகட்டுங்கள்.

தாய்ப்பாலுக்கு விலை இல்லை. ஆனால் அது சுரக்க நாலு பேர் உதவி தேவை. தாய்க்குச் சோறு, தூக்கம், தைரியம் இந்த மூன்றையும் கொடுப்பது வீட்டாரின் கடமை!