பாசியைப் படிப்பவர்கள்

சென்ற இதழில் வந்த மூன்று கல்லறைக் கவிதைகளையும் படித்தேன். மூன்றிலும் பாசி இருக்கிறது. மூன்றிலும் மௌனம் இருக்கிறது. ஒன்றில் மௌனம் பேசுகிறது, இன்னொன்றில் கசிகிறது, மூன்றாவதில் என்ன செய்கிறது என்று எனக்குப் புரியவில்லை. எழுதிய மூவரும் நண்பர்கள். அன்று என்னோடு பாளையங்கோட்டைக்கு வந்தவர்கள். ஆகவே அங்கே பாசி தவிர வேறு என்ன இருந்தது என்பதற்கு நானும் ஒரு சாட்சி.

செங்கோட்டையிலிருந்து காலை பாசஞ்சரில் கிளம்பினோம். பழைய கிறிஸ்தவக் கோவில்களையும் கல்லறைத் தோட்டங்களையும் நடந்தே பார்ப்பது என்று திட்டம். 'மரபு நடை' என்று இப்போது இதற்கு ஒரு பெயர் வந்திருக்கிறது. பெயர் கிடைத்துவிட்டால் காரியம் பாதி முடிந்த மாதிரிதான் நமக்கு.

முதலில் 1785-இல் கட்டப்பட்ட கிளாரிந்தா கோவில். ஊரார் வாயில் அது பாப்பாத்தியம்மாள் கோவில். தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டிய பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தவள். அந்த உறவு இருந்தவரை ஞானஸ்நானம் தர ஸ்வார்ட்ஸ் மறுத்தார். லிட்டில்டன் இறந்தபின் 1778-இல் கொடுத்தார். அவளை வைத்து அ. மாதவையா 1915-இல் ஒரு நாவல் எழுதினார், ஆங்கிலத்தில். 'பத்மாவதி சரித்திர'த்தைத் தமிழில் எழுதிய கைக்கு இந்தப் பெண்ணைச் சொல்ல மட்டும் ஆங்கிலம் ஏன் வேண்டியிருந்தது? எழுத்தாளர்கள் ஐந்து பேர் அந்த வாசலில் நின்றோம். இதை யாரும் கேட்கவில்லை. ஒருவர் சுவரில் விழுந்த நிழலைச் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தார்.

1826-இல் ரேனியஸ் கட்டிய ஊசிக்கோபுரத்தைப் பார்த்துவிட்டு, அடைக்கலபுரத்தில் அவருடைய கல்லறைக்குப் போனோம். என் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரேனியஸ் பிரஷ்யாக்காரர். 1814-இல் சென்னைக்கு வந்து 1820-இல் பாளையங்கோட்டை சேர்ந்தவர். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் வருஷக்கணக்கில் தமிழ் படித்தார். பப்ரிசியுஸின் வேதாகமத் தமிழைத் திருத்தக் கிளம்பியவர். மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றுவதா, தமிழ் வாக்கியம் தமிழாக ஓடுவதா என்பது அவருடைய தகராறு. ஓட வேண்டும் என்ற கட்சி அவர். 1827-இல் இதற்காகவே மொழிபெயர்ப்பு நெறிகள் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். 1832-இல் 'பூமி சாஸ்திரம்'. தமிழ் உரைநடையில் பூகோளம் சொல்ல முடியுமா என்று சோதித்துப் பார்த்த புத்தகம் அது. நாம் இன்று காபி குடித்துக்கொண்டு விவாதிக்கிற விஷயங்களை ஏறக்குறைய 200 வருஷம் முன்னால் வேலையாகவே செய்த ஆள்.

அந்த வேலை எப்படிப் போயிற்று என்பதை நம் வட்டம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஹார்ப்பர் என்ற பாதிரியார் ஆங்கிலத் திருச்சபை பற்றி ஒரு நூல் எழுதினார். ரேனியஸ் 1834-இல் அதற்கு மதிப்புரை எழுதினார். திருச்சபையின் முறைகளில் தமக்கு ஒப்பாதவற்றை ஒளிக்காமல் சொன்னார். அவருக்கும் சர்ச் மிஷன் சங்கத்துக்கும் புகைச்சல் முன்பே இருந்ததுதான். மதிப்புரை அதைப் பற்றவைத்தது. 1835-இல் சங்கம் அவரை நீக்கியது. ஊரை விட்டுப் போனவரை உபதேசியார்கள் திரும்பக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து தனியாக நடத்தினார். சபை இரண்டாகப் பிளந்தது. 1838-இல், 47 வயதில் செத்துப் போனார்.

ஒரு புத்தக விமர்சனத்துக்காக வேலை இழந்தவரின் கல்லறை அது. அதன் முன் நின்ற ஐந்து பேரும் சிறுபத்திரிகைக்காரர்கள். வீட்டுக்கு வந்து எழுதியது மௌனம் பற்றி! கவிராயருக்கு ஒரு கல்லாவது உண்டா என்ற கேள்விகூட எங்களுக்குத் தோன்றவில்லை.

நான் பி.ஏ. ஆங்கிலம். இந்த நோய் எங்கே தொற்றியது என்று தெரியும். தாமஸ் கிரே 1751-இல் வெளியிட்ட கல்லறைப் பாட்டைக் கல்லூரியில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். கிரேயாவது அந்த மண்ணுக்குள் கிடக்கிற ஏழைக் குடியானவர்கள் யார், என்னவாகியிருக்கக்கூடும் என்று கேட்டார். நாம் அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு அந்திப்பொழுதை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

'கவிதை என்ன தகவல் பலகையா?' என்று ஒரு நண்பர் ரயிலிலேயே கேட்டுவிட்டார். வருஷத்தைக் கவிதையில் போடு என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு கூச்சல் புதைந்த இடத்தை மௌனம் என்று எழுதுகிறபோது அது அனுபவம் இல்லை, பாசாங்கு என்கிறேன். பாங்கில் கையெழுத்தைப் பார்க்காமல் செக்கின் நிறத்தை ரசிக்கிற குமாஸ்தாவை என்ன சொல்வீர்கள்?

ஆஷ் துரையின் கல்லறையும் பாளையங்கோட்டையில்தான். 'உங்க ஊர்க்காரர் செஞ்ச வேலை' என்று என்னைச் சீண்டினார்கள். வாஞ்சி செங்கோட்டைக்காரர், 1911 ஜூன் 17, மணியாச்சி. உடனே ஒருவர் ஆஷ் பிரசவ வேதனையில் இருந்த பெண்ணை அக்கிரகாரம் வழியாகத் தூக்கிப்போன கதையைச் சொன்னார். இந்தக் கதைக்கு ஆவணம் என்று யாரும் ஒரு தாளையும் காட்டியதில்லை. தாளில் இருப்பதோ வேறு. வாஞ்சியின் உடலில் கிடைத்த கடிதத்தில் சனாதன தர்மம் இருக்கிறது, மாடு தின்னும் மிலேச்சன் என்ற வசை இருக்கிறது, ஐந்தாம் ஜார்ஜைக் கொல்லும் சபதம் இருக்கிறது. அதை முழுக்கப் படித்தால் எங்கள் ஊர்ச் சிலைக்கு மாலை போடுகிறவருக்கும் சங்கடம், ஆஷுக்காக உருகுகிறவருக்கும் சங்கடம். 1908-இல் தூத்துக்குடியில் அவர் யாராக இருந்தார் என்பது அப்போது முன்னால் வந்து நிற்கும். கட்டுக்கதையில் இந்தத் தொல்லை கிடையாது. பாசியிலும் கிடையாது.

என்னைத் தனியே நிறுத்திக்கொண்டு நான் இதை எழுதவில்லை. பத்து வருஷம் முன்னால் நானும் ஒரு கல்லறைக் கவிதை எழுதினேன். அதிலும் பாசி உண்டு. அதைவிட மோசமானது ஒன்று: அந்த மூன்று நண்பர்களில் ஒருவரின் தொகுப்புக்கு மதிப்புரை எழுதி மூன்று வருஷமாக மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். புத்தகம் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவருடைய பெண் கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன். அச்சிட்டால் என் வேலை போகாது. அவர் பேசாமல் போவார், அவ்வளவுதான். அந்த அளவு நஷ்டத்துக்கே மூன்று வருஷம் பயந்திருக்கிறேன்.

மதிப்புரையைத் தனி உறையில் போட்டு இத்துடன் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். இடம் இருந்தால் அடுத்த இதழில் போடட்டும். பெயரை மறைக்க வேண்டாம், அவர் பெயரையும் சரி, என் பெயரையும் சரி.